மூளையின் ரசவாதிகள் – 9: பாகா, பண்டமா?

லண்டன், போர்ட்லண்ட் பிளேஸ், 41ஆம் எண் வீடு. 1960 மார்ச் மாதக் கடைசி. சீபா அறக்கட்டளை கூட்டிய கருத்தரங்கில், அட்ரீனலினும் அதன் உறவுக்காரப் பொருள்களும் உடம்பில் என்ன வேலை செய்கின்றன என்று நான்கு நாள் பேச்சு. முன்வரிசையில் சர் ஹென்றி டேல். 84 வயது. அந்தத் துறையில் அவர் தலையசைத்தால் ஒரு கருத்து உயிர் பிழைக்கும், உதட்டைப் பிதுக்கினால் பத்து வருஷத்துக்கு எழுந்திருக்காது.

அவர் முன்னால் 37 வயது ஸ்வீடன்காரர் ஒருவர் தம் முடிவுகளைப் படித்து முடித்திருந்தார். பெயர் ஆர்விட் கார்ல்சன். மூளைக்குள் டோபமின் என்ற பொருள் இருக்கிறது, அது குறைந்தால் விலங்கு அசையாமல் கிடக்கிறது, திரும்பக் கொடுத்தால் எழுந்து நடக்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம்.

டேலுக்கு அது ருசிக்கவில்லை. டோபமினை உண்டாக்குவதற்காகக் கார்ல்சன் விலங்குகளுக்குக் கொடுத்த 'டோபா' நஞ்சு என்றார். ஓர் அமினோ அமிலம் நஞ்சாகவும் இருப்பது வியப்புக்குரியது என்று சேர்த்துக்கொண்டார். அட்ரீனலினின் உறவுக்காரப் பொருளான நோரட்ரீனலின் மூளையில் எங்கெங்கே இருக்கிறது என்று முதலில் அளந்து காட்டிய மார்தே ஃபோக்டும் இந்த விளக்கம் நிற்காது என்றார். இந்தப் பொருள்களுக்கும் மூளையின் வேலைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஊகிக்க இங்கே யாரும் துணியவில்லை என்று ஜான் கேடம் நிறைவுரையில் குறிப்பிட்டார். அதே அரங்கில் அந்தத் தொடர்பைப் பற்றித்தான் கார்ல்சன் வாய் ஓயப் பேசியிருந்தார்.

போன இதழைப் படித்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நரம்பிலிருந்து நரம்புக்குச் செய்தி போவது மின்பொறியாலா, ரசாயனத்தாலா என்று 'பொறிக் கட்சி'யும் 'ரசக் கட்சி'யும் முப்பது வருஷம் சண்டை போட்டதைப் பார்த்தோம். தவளை இதயத்தை வைத்து ஓட்டோ லோவி ரசக் கட்சியை ஜெயிக்கவைத்தார். 1936இல் அவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இந்த டேல்தான். ரசக் கட்சியின் தலைவரே, மூளைக்குள் ரசம் என்றதும் முகம் சுளித்தார். கைகால் நரம்புகளுக்கு, குடலுக்கு, இதயத்துக்கு ரசாயனம் சரி. நினைவும் மனமும் குடியிருக்கும் மூளைக்கு அது கொஞ்சம் கீழான சமாச்சாரம் என்ற எண்ணம் அன்றைய பெரியவர்கள் பலருக்கும் இருந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. டோபமின் டேலுக்குப் புதிய ஆள் அல்ல. லண்டன் வெல்கம் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் பார்ஜர் 1910இல் அதை முதன்முதலில் செயற்கையாகத் தயாரித்தபோது, அதை விலங்குகளுக்குச் செலுத்திச் சோதித்தவர் டேல். அட்ரீனலினைப்போல ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறதா என்று பார்த்தார். கொஞ்சம் ஏற்றியது, வீரியம் போதாது. சோதா மருந்து என்று குறித்துவைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். வாயில் நுழையாத ரசாயனப் பெயரோடு அலைந்த அந்தப் பொருளை 'டோபமின்' என்று சுருக்கிக் கூப்பிடலாம் என்று 1952இல் யோசனை சொன்னவரும் அவரேதான். ஐம்பது வருஷப் பழக்கம். அதனால்தானோ என்னவோ, அதனிடம் புதிதாக ஒன்றும் இருக்க முடியாது என்று தோன்றிவிட்டது.

டோபமினை ஏன் யாரும் மதிக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். உடம்பில் டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து டோபா உண்டாகிறது. டோபாவிலிருந்து டோபமின். டோபமினிலிருந்து நோரட்ரீனலின். அதிலிருந்து அட்ரீனலின். இந்த வரிசையை 1939லேயே பிளாஷ்கோ என்ற உயிர்வேதியியலாளர் எழுதிக் காட்டிவிட்டார். நம்மூர்க் கணக்கில் சொன்னால் பதநீர், பாகு, கருப்பட்டி. பதநீருக்கு மவுசு உண்டு, கருப்பட்டிக்கு விலை உண்டு. நடுவில் கொப்பரையில் கொதிக்கும் பாகைத் தனிச் சரக்காக யார் கணக்கில் எழுதுவார்கள்? டோபமின் அந்தப் பாகு. நோரட்ரீனலின் ஆகும் வழியில் சற்று நேரம் தங்கிப்போகும் பொருள், அவ்வளவுதான் என்று பாடப்புத்தகம் சொன்னது. எதற்கும் அளந்துதான் பார்ப்போமே என்று ஒருவருக்குத் தோன்ற இன்னும் பதினெட்டு வருஷம் ஆனது.

அந்த ஒருவர் இந்தத் துறைக்கு வந்ததே ஒரு தோல்வியால். 1923இல் உப்சாலாவில் பிறந்து லுண்டில் வளர்ந்தவர் கார்ல்சன். அப்பா சரித்திரப் பேராசிரியர். வீட்டில் பேச்செல்லாம் பழைய காலத்தைப் பற்றி. இவர் மட்டும் மருத்துவம் பக்கம் போனார். 1951இல் முனைவர் பட்டம் வாங்கியது எலும்பில் சுண்ணாம்புச் சத்து எப்படிச் சேர்கிறது, கரைகிறது என்ற ஆராய்ச்சிக்காக. அதை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகப் பதவி ஒன்றுக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. சுண்ணாம்புச் சத்து ஆராய்ச்சிக்கு மருந்தியலில் எதிர்காலம் கிடையாது என்பது தேர்வுக் குழுவின் எண்ணம். அவர்கள் சொன்னது சுண்ணாம்பு விஷயத்தில் தப்புக் கணக்கு. ஆனால் வேலை கொடுத்திருந்தால் மனிதர் எலும்போடேயே இருந்திருப்பார்.

வேறு துறை தேடி 1955இல் அமெரிக்காவின் பெதஸ்டாவுக்கு, பெர்னார்ட் பிராடியின் ஆய்வுக்கூடத்துக்கு ஐந்து மாதம் போனார். அங்கே எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: ரிசர்பின்.

ரிசர்பினின் பிறந்த வீடு இந்தியா. சர்ப்பகந்தா என்று நாம் சொல்லும் செடியின் வேரை வடக்கே, குறிப்பாகப் பிகார்ப் பக்கம், புத்தி பேதலித்தவர்களுக்கு நாட்டு வைத்தியர்கள் கொடுத்துவந்தார்கள். 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும், இது வெறியை அடக்குகிறது, ரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். மேற்கில் யாரும் பொருட்படுத்தவில்லை. 1949இல் பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் அதே வேரைப் பற்றி ஆங்கிலேயர்களின் இதயநோய் இதழில் கட்டுரை வெளியிட்டதும்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தது. டேல் உதட்டைப் பிதுக்கிய அந்த லண்டன் வீட்டை நடத்தியதும் இதே சீபா வைத்த அறக்கட்டளைதான். கல்கத்தாவில் எழுதினால் காதில் விழாததும் லண்டனில் அச்சானால் விழுவதும் தனிக் கதை. அதைக் கிளறினால் இந்த வாரம் முழுதும் அதிலேயே போய்விடும்.

ரிசர்பின் கொடுத்த மனநோயாளிகள் அமைதியானார்கள். ஏன்? கொடுத்த விலங்கின் மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனப் பொருள் அடியோடு காலியாகிவிடுகிறது என்று பிராடியின் குழு கண்டுபிடித்திருந்தது. மனதுக்கும் மூளையின் ரசாயனத்துக்கும் இடையே கண்ணால் பார்க்கும்படியான முதல் முடிச்சு அது. கார்ல்சன் அங்கேயே கேட்டார்: செரட்டோனின் போகிறது சரி, நோரட்ரீனலின் கதி என்ன? பார்க்கலாமே? பிராடிக்கு அது நேர விரயமாகப் பட்டது. கார்ல்சன் வாதாடவில்லை. லுண்டில் இருந்த சக ஆராய்ச்சியாளர் நில்ஸ்-ஓகே ஹில்லார்ப்புக்குக் கடிதம் எழுதினார். ஊர் திரும்பியதும் இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். நோரட்ரீனலினும் காலி.

சரி, காலியானதை நிரப்பிப் பார்த்தால் விலங்கு பழையபடி ஆகுமா? நோரட்ரீனலினை ஊசியில் ஏற்றிப் பயனில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அதை உள்ளே விடாது. ஆனால் அதன் மூலப்பொருளான டோபாவை விடும்.

1957. ரிசர்பின் ஏற்றிய முயல்கள் காது தொங்கி, கண் சொருகி, பிடித்துவைத்த பிள்ளையார்போல உட்கார்ந்திருந்தன. செரட்டோனினின் மூலப்பொருளைக் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. டோபாவைக் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் காது நிமிர்ந்தது, முயல்கள் துள்ளி ஓடின. மருந்துக்கு முன், மருந்துக்குப் பின் என்று அந்த முயல்களை எடுத்த இரண்டு புகைப்படங்கள் நரம்பியல் வகுப்புகளில் இன்றும் காட்டப்படுகின்றன.

இங்கே நிறுத்தியிருந்தால் கார்ல்சன் நல்ல விஞ்ஞானி, அவ்வளவுதான். நோரட்ரீனலின் திரும்ப வந்தது, முயல் பிழைத்தது என்று எழுதிப் பெயர் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். எல்லோரும் எதிர்பார்த்த விடையும் அதுதான். அவர் அந்த முயல்களின் மூளையை அரைத்து அளந்தார். நோரட்ரீனலின் வரவே இல்லை! பாத்திரம் இன்னும் காலி. ஆனால் முயல் ஓடுகிறது. அப்படியானால் ஓடவைத்தது எது? வரிசையில் மிச்சம் இருந்தது பாகு ஒன்றுதான்.

டோபமினை அளக்க அவர்களே ஒரு முறையைத் தயார் செய்தார்கள். குறிப்பிட்ட ஒளியைப் பாய்ச்சினால் பொருள் திருப்பி மினுக்கும் ஒளியை அளக்கும் கருவி ஒன்று அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. கார்ல்சன் பெதஸ்டாவில் அதில் கைப்பழக்கம் பெற்றிருந்தார். அளந்ததில் மூன்று விஷயங்கள் தெரிந்தன. சாதாரண மூளையில் ஏறக்குறைய நோரட்ரீனலின் அளவுக்கே டோபமினும் இருக்கிறது. வழியில் தங்கிப்போகும் பொருள் அத்தனை சேராது. ரிசர்பின் கொடுத்தால் அது காலியாகிறது. டோபா கொடுத்தால் நிரம்புகிறது, அதுவும் முயல் எழுந்து நடக்கும் அதே நேரத்தில். 1958 பிப்ரவரியில் இது சயன்ஸ் இதழில் வந்தது.

மூளையில் டோபமினை முதலில் கண்டவர் கார்ல்சன் என்று பல புத்தகங்களில் இருக்கிறது. அது முழு உண்மை இல்லை. 1957 ஆகஸ்டிலேயே, இங்கிலாந்தின் எசெக்ஸில் உள்ள ரன்வெல் மனநல மருத்துவமனை ஆய்வுக்கூடத்திலிருந்து காத்லீன் மான்டகு என்ற பெண்மணி, மூளையில் டோபமின் இருப்பதை நேச்சர் இதழில் எழுதிவிட்டார். அது என்ன செய்கிறது என்ற கேள்விக்குள் அவர் கட்டுரை போகவில்லை. கார்ல்சனின் பெருமை அந்தக் கேள்வியில் இருக்கிறது. அதற்காக மான்டகுவின் பெயரை அடிக்குறிப்பில்கூட வைக்காமல் விடுவது நியாயமில்லை.

அடுத்த வருஷம் கார்ல்சனின் மாணவர்கள் பெர்ட்லரும் ரோசன்கிரனும் இன்னொரு படி ஏறினார்கள். டோபமின் மூளை முழுதும் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. பெரும்பகுதி மூளையின் ஆழத்தில், வரிப்பொருள் எனப்படும் பகுதியில் குவிந்திருந்தது. நோரட்ரீனலின் அங்கே மிகக் கொஞ்சம். கொப்பரையே இல்லாத இடத்தில் பாகு மட்டும் குடம் குடமாக இருந்தால் என்ன அர்த்தம்? அங்கே அதுதான் பண்டம்.

வரிப்பொருள் உடல் அசைவோடு சம்பந்தப்பட்டது என்று மருத்துவர்களுக்கு முன்பே தெரியும். ரிசர்பின் அதிகமானால் நோயாளிகளுக்குக் கை நடுக்கம், விறைப்பு, முகம் சலனமற்றுப்போதல் எல்லாம் வந்தன. பார்த்தால் அப்படியே பார்க்கின்சன் நோய். கார்ல்சன் இவற்றை ஒரே கயிற்றில் கோத்து, பார்க்கின்சன் நோய்க்கும் டோபமினுக்கும் தொடர்பு இருக்கவேண்டும் என்று எழுதினார்.

கைப்பேசியில் ரீல்ஸ் தள்ளும்போது மூளையில் டோபமின் பொங்குகிறது, அதனால் ஒருநாள் 'டோபமின் விரதம்' இருங்கள் என்று இன்றைக்கு அறிவுரை சொல்கிறார்களே, அவர்களுக்கு இந்தக் கதையை யாராவது சொன்னால் தேவலை. டோபமின் முதலில் மாட்டிக்கொண்டது இன்பத்திலோ ஆசையிலோ அல்ல. எழுந்து நிற்பதில், ஒரு காலை எடுத்து அடுத்த அடி வைப்பதில். உண்மையாகவே டோபமின் விரதம் இருப்பவர் பார்க்கின்சன் நோயாளிதான்.

கார்ல்சன் விலங்கில் பார்த்ததை மனிதரில் பார்த்தவர் வியன்னாவின் ஓலே ஹோர்னிகீவிச். பெர்ட்லர், ரோசன்கிரன் கட்டுரையைப் படித்ததும், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையைப் பார்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஹெர்பர்ட் எரிங்கர் என்ற இளைஞரோடு சேர்ந்து, பிணப் பரிசோதனை அறைகளிலிருந்து மூளைகளைச் சேகரித்தார். நோயில்லாதவை 17, பார்க்கின்சன் நோயாளிகளுடையவை 6. பெரிய கருவி எதுவும் இல்லை. வரிப்பொருளிலிருந்து எடுத்த சாற்றில் அயோடின் சேர்த்தால், டோபமின் இருக்கும் அளவுக்கு ரோஜா நிறம் வரும். நல்ல மூளைகளின் குழாய்களில் நிறம் வந்தது. பார்க்கின்சன் மூளைகளின் குழாய்கள் அப்படியே வெளிறி நின்றன. கருவியில் வைத்து அளக்கும் முன்பே, மூளையில் உள்ள குறையை வெறும் கண்ணால் பார்த்துவிட்டதாக ஹோர்னிகீவிச் பின்னால் எழுதினார். 1960 கடைசியில் இந்தக் கட்டுரை ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. லண்டனில் கார்ல்சனை ஓரம்கட்டி ஒன்பது மாதம்கூட முழுதாகியிருக்கவில்லை.

அந்த நவம்பரிலேயே ஹோர்னிகீவிச் வியன்னாவின் லைன்ஸ் முதியோர் இல்லத்தில் பார்க்கின்சன் நோயாளிகளைக் கவனித்துவந்த வால்தர் பிர்க்மாயரிடம் போய், தம்மிடம் கொஞ்சம் இருந்த, டோபாவின் ஒரு வடிவமான எல்-டோபாவை நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்க்கச் சொன்னார். பிர்க்மாயர் ஊசியைக் கையில் எடுக்க 1961 ஜூலை ஆகிவிட்டது. எடுத்ததும் நடந்தது வேறு. படுக்கையில் புரளக்கூட முடியாதவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் நடந்தார்கள். குரல் அடங்கிப்போனவர்கள் புரியும்படி பேசினார்கள். லுண்டின் முயல்கள் செய்ததை வியன்னாவின் முதியவர்கள் செய்தார்கள். சில மணி நேரம்தான். பிறகு மறுபடி பழைய நிலை.

இந்தக் கண்ணியை வைத்துத்தான் நாற்பது வருஷம் கழித்து ஒரு சண்டை வந்தது. 2000ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கார்ல்சனுக்கும் பால் கிரீன்கார்டுக்கும் எரிக் கேண்டலுக்கும் அறிவிக்கப்பட்டது. ஹோர்னிகீவிச் பெயர் இல்லை. 250க்கும் மேற்பட்ட நரம்பியலாளர்கள் கையெழுத்திட்டுப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். மூவருக்கு மேல் பகிரக்கூடாது என்பது பரிசின் விதி. விதி எதுவாக இருந்தாலும், இறந்தவர்களின் மூளையில் நிறமில்லாத குழாயைப் பார்த்தவரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது என்பதே என் கட்சி. அதே சமயம் கார்ல்சனுக்குக் கொடுத்தது தப்பு என்றும் சொல்ல மாட்டேன். முயலின் மூளையை ஒரு தரம் கூடுதலாக அளந்தவர் அவர்.

அவர் டோபமினோடு நிற்கவும் இல்லை. 1963இல், மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோர்ப்ரோமசின், ஹாலோபெரிடால் மருந்துகள் டோபமினைக் காலி செய்வதில்லை, அது போய் உட்காரும் இருக்கையை அடைத்துக்கொள்கின்றன என்ற விளக்கத்துக்கு வழி போட்டார். செரட்டோனினை நரம்புகளுக்கு இடையே தங்கவைக்கும் மனச்சோர்வு மருந்துகளில் முதலில் சந்தைக்கு வந்தவற்றில் ஒன்றான சிமெலிடின் அவர் கைபட்டது. 1982இல் வந்து, நரம்புகளைத் தாக்கும் அபூர்வமான பக்கவிளைவால் அடுத்த வருஷமே விலக்கப்பட்டது. குடிநீரில் ஃப்ளோரைடு கலப்பதை எதிர்த்து ஸ்வீடனில் பகிரங்கமாகப் போராடினார், அதை அனுமதித்த சட்டம் 1971இல் ரத்தாயிற்று. பெரியவர்கள் சொன்னால் சரி என்று போகிற ஆள் இல்லை என்பதற்கு இவ்வளவு போதும். 2018இல் 95 வயதில் காலமானார்.

1961க்கே திரும்புவோம். லைன்ஸில் நோயாளிகள் நடந்த பிறகும், மருந்து ஏன் உடனே ஊரெங்கும் போகவில்லை? இங்கேதான் டேலுக்கு அவருடைய நியாயத்தைக் கொடுக்க வேண்டும். டோபா நஞ்சு என்று அவர் சொன்னது வெறும் வீம்பு அல்ல. அவரைக்காய் இனத்தைச் சேர்ந்த ஃபாவா மொச்சையிலிருந்து 1913இல் அதை முதலில் பிரித்தெடுத்த மார்க்கஸ் குகன்ஹைம், தாமே இரண்டரை கிராம் விழுங்கிப் பார்த்துக் குடல் வெளியே வரும்படி வாந்தியெடுத்தார். 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து அதே எல்-டோபாவைப் பிரித்துக் கட்டுரை எழுதினார்கள். மேலே பட்டால் சொறிந்து மாளாத அந்தக் கொடியின் விதையை நம் வைத்தியர்கள் பக்குவம் செய்யாமல் கொடுப்பதில்லை. நம்மவர்கள் அன்றே பார்க்கின்சனுக்கு மருந்து கண்டார்கள் என்று இதை வைத்து மார்தட்டத் தேவையில்லை. அவர்கள் கண்டது பொருளை, மூளையில் அதன் வேலையை அல்ல. ஆனால் சர்ப்பகந்தா மூளையைக் காலி செய்து காட்டியதும், பூனைக்காலியில் இருப்பது அதை நிரப்புவதும் ஒரே மண்ணில் விளைந்தவை என்பது எனக்குப் பிடித்த தற்செயல்.

நோயாளிகளும் குகன்ஹைம்போலவே வாந்தியெடுத்தார்கள். கொஞ்சம் கொடுத்தால் பலன் இல்லை, அதிகம் கொடுத்தால் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. சில மருத்துவர்கள் சோதித்துவிட்டு, வியன்னாக்காரர்கள் கதை விடுகிறார்கள் என்றே முடிவு கட்டினார்கள்.

முடிச்சை அவிழ்த்தவர் நியூயார்க் லாங் ஐலண்டில், புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜார்ஜ் கொட்சியாஸ். கிரேக்கத்திலிருந்து வந்தவர். அவர் செய்ததில் எந்த மாயமும் இல்லை, பொறுமை மட்டும் இருந்தது. வாய்வழியாக மிகச் சிறிய அளவில் ஆரம்பித்து, உடம்பு பழகப் பழக வாரக்கணக்கில் ஏற்றிக்கொண்டே போனார். சிலருக்கு ஒரு நாளைக்கு 16 கிராம் வரை. 1967இல் 16 நோயாளிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில், பாதிப் பேர் தெளிவாகத் தேறியிருந்தார்கள், பலன் மணிக்கணக்கில் அல்ல, நாள்கணக்கில் நின்றது. டேல் அடுத்த வருஷம் இறந்தார். நஞ்சு என்றவரும் மருந்து என்றவரும் ஒரே பொருளைத்தான் சொன்னார்கள். நடுவில் இருந்தது அளவும் காலமும்.

ஆனால் மாதங்கள் போகப் போக வேறொன்று தெரிய ஆரம்பித்தது. அசையாதிருந்த சிலர் இப்போது அசைவை நிறுத்த முடியாமல் தவித்தார்கள். தலை ஆடியது, நாக்கு சுழன்றது, தோள் முறுக்கிக்கொண்டது. 1969 மார்ச்சில், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் உள்ள ஒரு மருத்துவமனையில், பல பத்தாண்டுகளாகச் சிலைபோல உட்கார்ந்திருந்த நோயாளிகளுக்கு, ஆலிவர் சாக்ஸ் என்ற 35 வயது மருத்துவர் இதே எல்-டோபாவைக் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வாரம் அந்த வார்டுக்குள் போவோம்.

(தொடரும்)